மணி அடிக்கிறது, குரல் வரவில்லை

இணையத் தொலைபேசியும் முகவரிச் சிக்கலும்

மீள்குடியேறிய கிராமமொன்றின் பங்கு மண்டபத்தில், முன்னறை மேசையில் ஒரு தொலைபேசி இருக்கிறது. பார்த்தால் பழைய காலத்துத் தொலைபேசி போலத்தான். ஆனால் வீதியில் நிற்கும் கம்பத்திலிருந்து அதற்குக் கம்பி வரவில்லை. அதன் வயர் கைக்கு அடக்கமான ஒரு சிறு பெட்டியில் செருகப்பட்டிருக்கிறது. அந்தப் பெட்டி இணைய ரவுட்டரில் செருகப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் அழைத்தால் இந்த மேசையில் மணி அடிக்கும். கைத்தொலைபேசி பாவிக்கத் தெரியாத முதியவர்களுக்காகவே இது வைக்கப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம். மணி அடித்தது. 68 வயதுத் தாயொருவருக்கு மகனின் அழைப்பு. அவர் ரிசீவரை எடுத்தார்.

"தம்பி, கேக்குதோ? நில அளவைக்காரர் வாற கிழமை வருகினமாம். வடக்கு எல்லையை என்ன செய்யிறது? சித்தப்பான்ரை பங்கைப் பிரிச்சு விடுறதோ? நீ சொல்லு ராசா."

மறுபக்கம் சத்தமில்லை. அவர் மீண்டும் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார். ஒன்றுமில்லை. ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு, "அவனுக்கு விருப்பமில்லைப் போல. அதுதான் வாய் திறக்கேல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நான்கு நாட்களின் பின், உறவினர் ஒருவரின் கைத்தொலைபேசி மூலம் உண்மை தெரிய வந்தது. தாய் கதைத்தது முழுவதும் மகனுக்குக் கேட்டிருக்கிறது. அவர் பதிலும் சொல்லியிருக்கிறார். "பிரிச்சுக் குடுங்கோ அம்மா, சண்டை வேண்டாம்" என்று உரத்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில் மட்டும் இங்கே வந்து சேரவில்லை. கருவியின் பிழை ஒன்று, ஒரு குடும்பத்தின் மனத்தாங்கலாக மாறப் பார்த்தது.

இந்தப் பிழை அபூர்வமானது அல்ல. இணையத் தொலைபேசி வைத்திருக்கும் பாடசாலை, சிகிச்சை நிலையம், கூட்டுறவுச் சங்கம் எங்கும் இதைக் காணலாம். அதன் காரணத்தை விளங்கிக்கொண்டால், பெரும்பாலும் எமது இளைஞர்களே அதைத் திருத்திவிடலாம். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

குரல் எவ்வாறு பயணம் செய்கிறது?

இணையத் தொலைபேசி எமது குரலை இலக்கங்களாக மாற்றி, சிறு சிறு பொதிகளாக வெட்டி அனுப்புகிறது. பொதுவாக ஒரு பொதியில் ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்குக் குரல் அடங்கும். ஆகவே ஒரு செக்கனில் 50 பொதிகள் போகின்றன, 50 பொதிகள் வருகின்றன.

இங்கு கவனிக்க வேண்டிய முக்கியமான விடயம் ஒன்றுண்டு. மணி அடிக்கச் செய்வது ஒரு வேலை. குரலைக் கொண்டு செல்வது வேறொரு வேலை. மணி அடிக்கும் வேலையைப் பார்ப்பது 'சிப்' என்ற நடைமுறை. இன்று பாவனையில் உள்ள அதன் வடிவம் 2002ஆம் ஆண்டு வெளியானது. குரலைச் சுமப்பது 'ஆர்.ரி.பி.' என்ற மற்றொரு நடைமுறை. கல்யாணச் செய்தி சொல்ல ஒருவர் வருவார். சீர்வரிசையை வேறொருவர் வண்டியில் கொண்டு வருவார். செய்திக்காரர் வந்து சேர்ந்துவிட்டார் என்பதற்காக வண்டியும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. மணி அடித்தும் குரல் வராததன் காரணம் இதுதான்.

முகாமின் ஒரே முகவரி

நலன்புரி நிலையத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்குவது இலகு. முகாமில் ஆயிரம் கூடாரங்கள் இருக்கலாம். வெளியுலகுக்கு ஒரே ஒரு தபால் முகவரிதான். வாசலில் ஒரு லிகிதர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 23ஆம் கூடாரத்திலிருந்து ஒருவர் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். லிகிதர் கடித உறையில் முகாமின் முகவரியை எழுதி, அத்துடன் ஓர் அடையாள இலக்கத்தையும் போடுகிறார். "இந்த இலக்கத்துக்குப் பதில் வந்தால் 23ஆம் கூடாரம்" என்று தம் கொப்பியில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் கொப்பியைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கிறார். கொப்பியில் பதிவில்லாத கடிதம் வந்தால், யாருடையது என்று தெரியாமல் ஒதுக்கிவிடுகிறார்.

வீட்டிலுள்ள ரவுட்டர் செய்வதும் இந்த லிகிதரின் வேலையே. இதனை 'என்.ஏ.ரி.' அல்லது முகவரி மாற்றம் என்பர். உள்ளே இருக்கும் கருவிகளுக்கு 192.168 என்றோ, 10 என்றோ, 172.16 முதல் 172.31 வரையிலோ தொடங்கும் தனியார் முகவரிகள் கொடுக்கப்படும். இவை கூடார இலக்கங்கள் போன்றவை. வெளியே செல்லுபடியாகா. உலகெங்கும் இலட்சக்கணக்கான வீடுகளில் இதே இலக்கங்கள் பாவிக்கப்படுகின்றன.

ஏன் இந்த ஏற்பாடு? இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் 4,294,967,296 முகவரிகளே உண்டு. உலகின் சனத்தொகைக்கே அது போதாது. முகவரி முடிந்துவிடும் என்பது முன்கூட்டியே தெரிந்தபடியால், 1994ஆம் ஆண்டு மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் இந்த முகவரி மாற்ற முறையை எழுதி வெளியிட்டார்கள். தற்காலிக வழியாகவே அது கருதப்பட்டது. தற்காலிகக் கொட்டில் நிரந்தர வீடாகிவிடுவதை நாம் அறிவோம். இதுவும் அப்படியே நிலைத்துவிட்டது. 2011 பெப்ரவரி 3ஆம் திகதி, உலக மட்டக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன.

கடிதத்தின் உள்ளே எழுதிய முகவரி

இணையப் பக்கம் பார்ப்பதற்கு இந்த ஏற்பாடு போதும். நாம் கேட்கிறோம், பதில் வருகிறது, லிகிதர் கொப்பியைப் பார்த்துத் தருகிறார். தொலைபேசியில்தான் சிக்கல். ஏனெனில் தொலைபேசிக் கருவி தன் கடிதத்தின் உள்ளேயும் முகவரி எழுதுகிறது: "குரலை இந்த முகவரிக்கு, இந்த வாயிலுக்கு அனுப்பவும்." கருவிக்குத் தெரிந்தது தன் கூடார இலக்கம் மட்டுமே. ஆகவே 192.168.1.23 என்று எழுதிவிடுகிறது. லிகிதர் உறையை மாத்திரம் மாற்றுகிறார், உள்ளே பார்ப்பதில்லை.

பங்கு மண்டபத்தில் நடந்தது இதுதான். மணி உரிய இடத்துக்கு வந்தது. தாயின் குரல் உள்ளிருந்து வெளியே சென்றபடியால் தடையின்றிப் போனது. மகனின் கருவியோ உள்ளே எழுதியிருந்த 192.168.1.23 என்ற முகவரிக்குக் குரலை அனுப்பியது. அந்த இலக்கம் மகனின் வீட்டுக்குள்ளேயே வேறொரு கருவிக்கு இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியும் அவருடைய பதில் அவரது வீட்டு வாசலைத் தாண்டவேயில்லை.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. எந்தப் பக்கத்தில் குரல் கேட்கவில்லையோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கருவியின் முகவரியில்தான் பிழை. எமக்குக் கேட்கவில்லையென்றால் முதலில் எமது கருவியைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கேட்கவில்லையென்றால் அவர்களது கருவியைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மூன்று வழிகள்

இச்சிக்கலுக்கு மூன்று வழிகள் உள்ளன. கருவியின் அமைப்புப் பக்கத்தில் இம்மூன்றின் பெயர்களையும் காணலாம்.

முதலாவது, 'ஸ்ரன்'. முகாமுக்கு வெளியே உள்ள நம்பிக்கையான ஒருவருக்குக் கடிதம் போட்டு, "உறையில் என் முகவரி என்னவென்று தெரிகிறது?" என்று கேட்பது போன்றது. அவர் பார்த்த முகவரியையும் அடையாள இலக்கத்தையும் பதிலாக எழுதுகிறார். அதன் பின் கருவி கடிதத்தின் உள்ளேயும் அந்த வெளி முகவரியையே எழுதும். 2003ஆம் ஆண்டு இம்முறை வெளியானது. இதற்கான வழமையான வாயில் இலக்கம் 3478.

ஆனால் சில லிகிதர்கள் கண்டிப்பானவர்கள். ஒவ்வொரு பெறுநருக்கும் வெவ்வேறு அடையாள இலக்கம் போடுவார்கள். வெளியாள் சொன்ன இலக்கம் மகனின் கடிதத்துக்குப் பொருந்தாது. இத்தகைய ரவுட்டருக்கு ஸ்ரன் உதவாது.

இரண்டாவது, 'ரேர்ண்'. இருவரும் நேரே எழுதாமல், சந்தியிலுள்ள ஒரு கடையில் கடிதத்தைக் கொடுத்து எடுப்பது போன்றது. இருபக்கமும் அக்கடைக்குத் தாமாகவே செல்வதால், எந்த லிகிதரும் மறிக்க மாட்டார். நிச்சயமான வழி இது. ஆனால் சுற்று வழியாதலால் குரல் சற்றுப் பிந்தும். கடைக்காரருக்கும் செலவு உண்டு. ஆகவே சேவை தருபவரே இதை ஒழுங்கு செய்து தர வேண்டும்.

மூன்றாவது, 'ஐஸ்'. எல்லா வழிகளையும் பரீட்சித்துப் பார்த்து நல்லதைத் தெரிவு செய்யும் முறை இது. நேர்வழி திறந்திருக்கிறதா? இல்லையேல் ஸ்ரன் சொன்ன வழி? அதுவும் இல்லையேல் சந்திக் கடை? இந்த ஒழுங்கில் இருபக்கக் கருவிகளும் சேர்ந்து சோதிக்கும். 2010ஆம் ஆண்டில் நியமமாக வெளிவந்து, 2018இல் திருத்தப்பட்டது. கருவியில் இத்தெரிவு இருந்து, சேவை தருபவரும் அதை ஏற்றுக்கொள்வாராயின் இதனையே போடுவது நல்லது.

இவை தவிர, பல சேவை நிறுவனங்கள் தமது பக்கத்திலேயே ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. கடிதத்தின் உள்ளே என்ன எழுதியிருந்தாலும் பொருட்படுத்தாமல், குரல் எந்த உறையில் வந்ததோ அந்த முகவரிக்கே மறுகுரலைத் திருப்பி அனுப்புவார்கள். அப்படியான சேவையில் கருவியில் ஸ்ரன் போடத் தேவையில்லை. போட்டால் சில வேளை குழப்பமே வரும். ஆகவே அமைப்பை மாற்று முன், சேவை தருபவர் தந்த அறிவுறுத்தலை ஒரு தடவை வாசியுங்கள்.

உபகாரம் செய்யப் போய் உபத்திரவம்

பல ரவுட்டர்களில் 'சிப் ஏ.எல்.ஜி.' என்றொரு வசதி உண்டு. லிகிதர் உறையை மட்டுமல்லாமல், கடிதத்தையும் பிரித்து உள்ளே உள்ள முகவரியைத் தானே திருத்துவது இது. நல்லெண்ணம்தான். ஆனால் பல ரவுட்டர்களில் இது அரைகுறையாகச் செய்யப்பட்டிருக்கிறது. ஓரிடத்தைத் திருத்தி மற்றோரிடத்தை விட்டுவிடும். அல்லது கருவி ஏற்கெனவே சரியாக எழுதியதைக் கெடுத்துவிடும். பங்கு மண்டபத்து ரவுட்டரிலும் இது திறந்தே இருந்தது. இணையத் தொலைபேசியில் குழப்பம் என்றால் முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டியது இதனைத்தான்.

அழியும் கொப்பி

லிகிதரின் கொப்பி நிலையானதல்ல. ஒரு பதிவுக்குச் சிறிது நேரம் கடிதப் போக்குவரத்து இல்லாவிட்டால் அவர் அதை அழித்துவிடுவார். சில ரவுட்டர்கள் அரை நிமிடத்திலேயே அழித்துவிடுகின்றன. அழிந்த பின் வெளியிலிருந்து அழைப்பு வந்தால் அது எமக்கு வந்து சேராது. "நாங்கள் எடுத்தால் போகுது, அவை எடுத்தால் மணி அடிக்குதில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பொதுவான காரணம் இதுதான். பரிகாரம் எளிது. கருவியில் 'கீப் அலைவ்' என்ற தெரிவைத் திறந்து, 20 முதல் 30 செக்கனுக்கு ஒரு தடவை ஒரு வெற்றுக் கடிதம் அனுப்பும்படி வைத்துவிட வேண்டும். கொப்பிப் பதிவு அழியாமல் இருக்கும். வாய்க்காலில் சிறிது நீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது தூர்ந்து போகாது அல்லவா?

முகாமுக்குள் முகாம்

சில வீடுகளில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப்பட்டிருக்கும். அப்போது இரண்டு லிகிதர்கள். இயலுமானால் ஒன்றை முகவரி மாற்றாத 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.

கைத்தொலைபேசி வலையமைப்பின் சிம் போட்ட ரவுட்டர்களில் நிலைமை வேறு. பெரும்பாலும் இணைய நிறுவனமே தன் வாடிக்கையாளர்கள் பலரை ஒரே வெளி முகவரியின் பின்னால் வைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் மேலே இன்னொரு லிகிதர் இருக்கிறார். இந்த 100.64 தொகுதி 2012ஆம் ஆண்டில் இத்தேவைக்கென்றே ஒதுக்கப்பட்டது. இந்நிலையில் எமது ரவுட்டரில் எந்த வாயிலைத் திறந்துவிட்டும் பயனில்லை. மேலிருப்பவரின் கொப்பியை நாம் தொட முடியாது. கீப் அலைவ், ரேர்ண், அல்லது சேவை தருபவரின் பக்கத்து ஏற்பாடு ஆகியவையே கைகொடுக்கும்.

கருவியை அமைக்கும் ஒழுங்கு

கீழுள்ள ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் செய்யவும். ஒரு மாற்றம் செய்தவுடன் ஓர் அழைப்பு எடுத்துப் பார்க்கவும். பல மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. செய்தவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்கவும்.

1. முதலில் ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்து, இணையம் வந்த பின் தொலைபேசிப் பெட்டிக்குக் கொடுக்கவும்.

2. பெட்டியின் முகவரியைத் தானாகப் பெறும்படி விடவும். கையால் முகவரி போட்டு, அதே முகவரி வேறொரு கருவிக்கும் கிடைத்தால் இரண்டும் குழம்பும்.

3. சேவை தருபவர் தந்த சேர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை எழுத்துப் பிசகாமல் பதியவும். வழமையான வாயில் 5060. மறைகுறியீடு செய்து அனுப்பும் வசதி இருந்தால் 5061.

4. 'பதிவாகியது' என்று காட்டுகிறதா எனப் பார்க்கவும். பதிவாகவில்லையெனில் மற்றவற்றைத் தொட வேண்டாம். பெயரும் கடவுச்சொல்லும் சரியா என்றே பார்க்கவும்.

5. ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி. வசதியை நிறுத்தி, ரவுட்டரை ஒரு தடவை அணைத்துப் போடவும்.

6. கீப் அலைவ் தெரிவைத் திறக்கவும்.

7. அதன் பின்னும் ஒரு பக்கக் குரல் வரவில்லையெனில், கருவியில் 'ஆர்போர்ட்' என்ற தெரிவையும், ஸ்ரன் அல்லது ஐஸ் தெரிவையும் திறக்கவும்.

8. இதுவும் சரிவரவில்லையெனில் சேவை தருபவரிடம் ரேர்ண் வசதி உண்டா என்று கேட்கவும்.

ரவுட்டரில் எல்லா வாயில்களையும் ஒரே கருவிக்குத் திறந்துவிடும் 'டி.எம்.இசட்.' என்ற தெரிவைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். செய்ய வேண்டாம். வேலி முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, படலை இலகுவாகத் திறக்கிறது என்று மகிழ்வதற்கு ஒப்பானது அது.

பங்கு மண்டபத்தில் 5ஆம், 6ஆம், 7ஆம் படிகளைச் செய்ததுமே குரல் இருபக்கமும் கேட்டது. செலவு ஒன்றுமில்லை. ஒரு பின்னேரம் மட்டும் சென்றது.

குறியைக் கண்டு நோயை அறிதல்

எமக்குக் குரல் கேட்கவில்லை, அவர்களுக்குக் கேட்கிறது: எமது பக்க முகவரிச் சிக்கல்.

நாம் எடுத்தால் போகிறது, உள்வரும் அழைப்புக்குச் சில நிமிடங்களின் பின் மணி அடிப்பதில்லை: கொப்பிப் பதிவு அழிகிறது. கீப் அலைவ் தேவை.

ஒவ்வொரு அழைப்பும் ஏறக்குறைய அரை நிமிடத்தில், சரியாக 32 செக்கனளவில் துண்டிக்கப்படுகிறது: "அழைப்பை ஏற்றேன்" என்ற செய்திக்கு வர வேண்டிய ஒப்புதல் வந்து சேரவில்லை. அதற்காகக் காத்திருக்கும் கால எல்லை 32 செக்கன். இதுவும் முகவரிச் சிக்கலே. ஏ.எல்.ஜி. நிறுத்தப்பட்டதா என்று பார்க்கவும்.

குரல் வெட்டி வெட்டி வருகிறது: முகவரிச் சிக்கலல்ல. இணைப்பின் வேகம் குறைவு, அல்லது அதே நேரத்தில் யாரோ படம் பார்க்கிறார்கள்.

நள்ளிரவில் 100, 1000 போன்ற இலக்கங்களிலிருந்து மணி அடித்து, எடுத்தால் ஒருவருமில்லை: பேயுமல்ல, பிசாசுமல்ல. இணையத்தில் திறந்த வாயில்களைத் தேடித் திரியும் திருடர்கள். பதிவான சேர்வரிலிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும்படி கருவியில் தெரிவு செய்யவும்.

எவ்வளவு டேட்டா செலவாகும்?

இது கருவி பாவிக்கும் குரல் மாற்று முறையைப் பொறுத்தது. 'ஜி.711' என்ற முறையில் குரல் தெளிவாக இருக்கும். ஒரு திசைக்கு செக்கனுக்கு ஏறக்குறைய 80 கிலோபிற் தேவை. இரு திசையும் சேர்த்து ஒரு மணித்தியாலம் கதைத்தால் சுமார் 72 மெகாபைற் செலவாகும். 'ஜி.729' என்ற முறையில் ஒரு திசைக்கு 24 கிலோபிற் போதும். மணித்தியாலத்துக்குச் சுமார் 22 மெகாபைற். குரல் சற்று மங்கலாக இருக்கும். வலையமைப்பு பலவீனமான இடங்களுக்கும், சிறிய டேட்டாப் பொதி வாங்கும் குடும்பங்களுக்கும் இது பொருத்தமானது.

வட்ஸ்அப் இருக்கிறதே?

இளைஞர்கள் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கைத்தொலைபேசி அழைப்புச் செயலிகளும் இதே போன்ற வழிகளையே மறைவாகத் தாமே செய்துகொள்கின்றன. அதனால்தான் நாம் ஒன்றும் அமைக்கத் தேவையில்லை. வட்ஸ்அப்பில், அழைப்பை நேரே அனுப்பாமல் நிறுவனத்தின் சேர்வர் ஊடாகவே அனுப்பி, எமது இணைய முகவரியை மறுபக்கத்தாருக்குத் தெரியாமல் காக்கும் தெரிவு ஒன்றும் 2023ஆம் ஆண்டு அறிமுகமானது. சந்திக் கடை வழிதான் அது.

கைத்தொலைபேசி உள்ளவர்களுக்கு அதுவே போதும். ஆனால் எல்லாருக்கும் பொதுவான மேசைத் தொலைபேசி தேவைப்படும் இடங்கள் உண்டு. கண்பார்வை குறைந்த முதியவருக்குத் தொடுதிரை கஷ்டம். ரிசீவரை எடுப்பது இலகு. ஓர் ஆளுக்குச் சொந்தமான கைத்தொலைபேசி அவரோடு போய்விடும். மண்டபத்துத் தொலைபேசி மண்டபத்திலேயே இருக்கும்.

அவதானம் தேவை

கருவியோடு வந்த ஆரம்பக் கடவுச்சொல்லை அன்றே மாற்றவும். எமது கணக்கைத் திருடுபவர்கள் அதிகக் கட்டணமுள்ள வெளிநாட்டு இலக்கங்களுக்கு இரவிரவாக அழைப்பு எடுத்துப் பணத்தைக் கரைத்துவிடுவார்கள். தேவையற்ற நாடுகளுக்கான அழைப்பைத் தடைசெய்யும்படியும், கணக்கில் சிறு தொகை மட்டுமே வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

வெளிநாட்டு அழைப்புகளை இணையத்தில் பெற்று, உள்ளூர்த் தொலைபேசி இலக்கங்களுக்கு மாற்றிக் கொடுத்துக் காசு பெறும் தொழிலுக்கு யாராவது உங்கள் வீட்டில் பெட்டி வைக்கக் கேட்டால் சம்மதிக்க வேண்டாம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி உரிமமின்றித் தொலைத்தொடர்பு முறைமை நடத்துவது குற்றம்.

பழைய செப்புக்கம்பித் தொலைபேசி மின்சாரம் நின்றாலும் வேலை செய்தது. இது செய்யாது. ரவுட்டருக்கும் பெட்டிக்கும் ஒரு சிறு பட்டரி வசதி வைப்பது நன்று. வெளிநாட்டு இலக்கம் கொண்ட இணையத் தொலைபேசியிலிருந்து 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ் போன்ற அவசர இலக்கங்கள் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அதற்குச் சாதாரண கைத்தொலைபேசியையே பாவியுங்கள்.

இறுதியாக ஒன்று. காணி, உறுதி, பங்கு பற்றிய முடிவுகளைத் தொலைபேசியில் மட்டும் வைத்து முடிக்க வேண்டாம். கதைத்ததை எழுத்திலும் பெற்றுக்கொள்ளுங்கள். மறுபக்கம் மௌனமாக இருந்தால், அதைப் பதிலாக எடுத்துவிட முன் வேறொரு வழியில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்தத் தாய் நான்கு நாட்கள் பட்ட வேதனை வேறெவருக்கும் வேண்டாம்.

அடுத்த ஞாயிறு மணி அடித்தபோது அவரே ரிசீவரை எடுத்தார். "கேக்குதம்மா?" என்ற குரல் வந்தது. "கேக்குது ராசா" என்றார். எல்லைக்கல் பற்றிய கதை அதன் பின்னரே தொடங்கியது.

எமது முகாம்களிலும் புதிய குடியேற்றங்களிலும் நாம் அனுப்பிய மனுக்களும் முறைப்பாடுகளும் எத்தனையோ. அவை போய்ச் சேர்ந்தனவா, பதில் எங்கே நின்றது என்று படிப்படியாகத் தேடும் பழக்கம் தொலைபேசிக்கு மட்டும் உரியதல்ல.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் எல்லாரும் பாவிக்கக்கூடிய பொதுத் தொலைபேசி ஒன்று தேவையா? எங்கே வைக்கலாம்? யார் பொறுப்பு?

2. இளைஞர் மன்றத்தில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? மற்றவர்களுக்கும் பழக்க ஒரு பின்னேரம் ஒதுக்கலாமா?

3. பேசியது கேட்காததால், அல்லது பதில் வராததால், உங்கள் குடும்பத்தில் மனத்தாங்கல் ஏற்பட்டதுண்டா? அது எவ்வாறு தீர்ந்தது?